மீசை பெண்பால்

மேசை பெண் என்பதை ராசப்பன் ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டான். நாற்காலியும் பெண்தான் என்றபோதும் அவன் பெரிதாகக் கலங்கவில்லை. மீசைக்கு வந்தபோதுதான் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

"என்னாச்சுங்க?" என்றாள் பாவாயி. அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மீசை பொம்பளைன்னு போட்டிருக்குது."

முறம் நின்றது. "நல்லாப் பாருங்க. எழுத்து எதையாச்சும் உட்டுட்டுப் படிச்சிருப்பீங்க."

"ஒண்ணும் உடலை பாவாயி. 'லெ' போட்டா ஆம்பளை, 'லா' போட்டா பொம்பளை. இங்க லா மூஸ்தாஷ்னுதான் இருக்குது."

"தாடி?"

ராசப்பன் விரலால் வரியைத் தடவிப் பார்த்தான். "அதுவும் பொம்பளை."

"ரவிக்கை?"

அவன் இரண்டு பக்கம் புரட்டினான். பிறகு மூக்கைச் சொறிந்தான்.

"சொல்லுங்க."

"லெ."

பாவாயி தன் ரவிக்கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "அந்தப் பொஸ்தகத்தைக் கொண்டுபோயி ஆபீசுல வெச்சுக்குங்க. ஊட்டுக்குள்ள வேண்டாம்," என்றாள்.

பிரெஞ்சுப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல ராசப்பனுக்கு வழியில்லை. செம்மேட்டுக்கு அப்பால் இருந்த காப்பித் தோட்டத்தில் அவன் கணக்கெழுதும் ரைட்டர் வேலை பார்த்தான். தோட்டத்து இங்கிலீஷ் துரை ஊருக்குப் போகிற அவசரத்தில் தோட்டத்தைப் புதுச்சேரியிலிருந்த ஒரு பிரெஞ்சு துரைக்கு விற்றுவிட்டார். விற்றுக் கொடுத்த ஏஜெண்டு சேலத்திலிருந்து மலையேறி வந்து, "புது துரைக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. உனக்குப் பிரெஞ்சு வருமா? வராவிட்டால் புதுச்சேரியிலிருந்தே ஒரு ரைட்டரைக் கூட்டி வருவார்கள்," என்றார்.

சின்ன வயதில் ராசப்பன் ஒரு மழைக்காலம் முழுக்கக் காரைக்காலில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை எண்ணியிருக்கிறான். அங்கே போன்ழூர் என்றால் கும்பிடுகிறேன், மெர்சி என்றால் நன்றி என்று தெரிந்துகொண்டான். அந்த இரண்டு சொல்லையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "வருங்க," என்று சொல்லிவிட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாரத்துச் சந்தையில் நாலு பேர் கேட்கும்படி இன்னொன்றும் சொன்னான். அதுதான் வினையாகிவிட்டது.

இங்கிலீஷ் துரை போவதற்கு முன் காப்பி நாற்றங்காலுக்கென்று ஓடையின் குறுக்கே கல் அடுக்கித் தடுப்புக் கட்டிவிட்டார். கீழே அரியூர் நாட்டுப் பள்ளத்து வயல்களுக்குப் போகிற தண்ணீர் அதோடு நின்றது. அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. நட்ட நெல் பச்சை பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தது. தோட்டத்துக் கல்லில் கை வைத்தால் கேசாகும் என்று எல்லாரும் பயந்தார்கள். சந்தையில் அவர்கள் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் ராசப்பன், "புது துரை வரட்டுங்க. நான் அவரு பாஷையிலயே பேசித் தண்ணியத் தொறந்து உட வெக்கறேன்," என்றான்.

அவன் கீழ்நாட்டு ஆள். மலைக்கு வந்த புதிதில் மலைக்காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றிக் காப்பாற்றியவர்கள் இந்த மனிதர்கள். அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னான். வீறாப்பு கொஞ்சம் கலந்துவிட்டது.

அப்புறம் மண்டிக்கு ஆள் சொல்லி அனுப்பி, புதுச்சேரியில் அச்சான ஒரு பிரெஞ்சு பால பாடத்தை வரவழைத்தான். பிரெஞ்சு வாக்கியம், அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், அதற்கு அர்த்தம் என்று வரிசையாக இருந்தது. புத்தகம் மேசையின் மேல் இருக்கிறது. பூனை நாற்காலியின் அடியில் இருக்கிறது. என் மாமாவிடம் ஒரு தொப்பி இருக்கிறது. இப்படியே போயிற்று. வயல் இல்லை, ஓடை இல்லை, மடை இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் செங்கோடன் வந்தார். பள்ளத்து வயல்காரர்களில் மூத்தவர். மீசை கன்னத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்.

"ஏனுங்க ரைட்டரே, நாளைக்குத் தொரை வாராராமே. பாஷையெல்லாம் தயார்தானுங்களா?"

"தயார்தானுங்ணா."

"என்ன சொல்லப் போறீங்க? எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க."

புத்தகத்தில் 'கதவைத் திறவுங்கள்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. 'தண்ணீர்' என்ற சொல்லும் இருந்தது. இரண்டையும் ராசப்பன் முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊவ்ரே லா போர்த் தெ லோ," என்றான். "தண்ணியோட கதவைத் தொறங்கன்னு அர்த்தம்."

செங்கோடனுக்கு முகம் மலர்ந்தது. "நல்லாருக்குதுங்க. ஆடு மேய்க்கற மாதிரி ஒரு சத்தம் வருது."

உள்ளேயிருந்து பாவாயி குரல் கொடுத்தாள். "ஏனுங்ணா, உங்க மீசை பொம்பளையாமுங்க."

செங்கோடன் மீசையைத் தடவினார். "யாரு சொன்னா?"

"தொரை பாஷையில அப்படித்தானாம்."

செங்கோடன் மீசையிலிருந்து கையை எடுத்தார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நானும் மழிச்சிட்டு வந்து நின்னிருப்பனே," என்று கவலையோடு எழுந்து போனார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் டோலி வந்து இறங்கியது. மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தூக்கி வந்தவர்களில் முன்கழி பிடித்தவன் மாதேஸ்வரன். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே ராசப்பனிடம் வந்தான்.

"தொரையோட சமையல்காரருக்குக் காய்ச்சலுங்க. சேந்தமங்கலத்துலயே படுத்துட்டாரு. தொரைகிட்டப் பேசறதுக்கு அவரு ஒருத்தராலதான் ஆகுமாம். இனி நீங்கதான் பாத்துக்கோணும்."

"வழியில எப்படிப் பேசினீங்க?"

"எங்க பேசறது? வழி நெடுகக் கையையும் கண்ணையும் காட்டிட்டே வந்தாருங்க. நல்ல மனுசன்."

புது துரை முசே லம்பேர் டோலியிலிருந்து இறங்கினார். பெரிய உடம்பு, வெள்ளை மீசை, வெயிலில் சிவந்த மூக்கு. கூடியிருந்தவர்களைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார். ராசப்பன் முன்னால் போய், "போன்ழூர் முசே," என்றான்.

"போன்ழூர்," என்று துரை பங்களாவே அதிரும்படி சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றி, தலையின் பக்கவாட்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் கூச்சத்தோடு, "ழெ சுவி சூர்," என்றார்.

ராசப்பனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. மூன்று சொல்லும் புரிந்துவிட்டது. 'ழெ' என்றால் நான். 'சுவி' என்றால் இருக்கிறேன். 'சூர்' என்றால் மேல். புத்தகம் மேசையின் மேல் இருக்கிறதே, அந்த 'மேல்'.

"என்னங்க சொல்றாரு?" என்று செங்கோடன் காதருகில் கேட்டார்.

"நான் மேல இருக்கறேன்ங்கறாருங்ணா."

"யாருக்கு மேல?"

அது ராசப்பனுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மலை மேல் வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்கிறார் என்றான் மாதேஸ்வரன். இல்லை, நமக்கெல்லாம் மேலே என்கிறார் என்றார் இன்னொருவர். செங்கோடனுக்கு இரண்டாவதுதான் சரியென்று பட்டது. "வந்து எறங்கறதுக்கு முன்னாலயேவா?" என்று முணுமுணுத்தார்.

பேச்சு வளர்வதற்கு முன் காரியத்தை முடித்துவிடலாம் என்று ராசப்பன் துரையின் முன் போய் நின்றான். ஒவ்வொரு எழுத்துக்கும் வாயை நன்றாகத் திறந்து, "முசே, ஊவ்ரே லா போர்த் தெ லோ," என்றான்.

துரை அவன் வாயையே உற்றுப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. வயிற்றைத் தட்டிக்கொண்டு, "வி, வி. ழே ஃபேன்," என்றார்.

ழே ஃபேன். ஐந்தாம் பாடம். ஆமாம், எனக்குப் பசிக்கிறது.

"தொறக்கறேன்ங்கறாருங்களா?"

"பசிக்குதுங்கறாருங்ணா."

"பாவம், மொதல்ல சாப்படட்டும்," என்றார் செங்கோடன். அவரே போய்த் தன் வீட்டுக் கோழியைப் பிடித்து வந்தார். சமையல்காரர் இல்லாததால் பொறுப்பு பாவாயி தலையில் விழுந்தது. மலை மிளகைத் தட்டிப் போட்டு அவள் வைத்த குழம்பைத் துரை வியர்த்து ஒழுக ஒழுகச் சாப்பிட்டார். பரிமாறுகிற பதற்றத்தில் பாவாயி பித்தளைத் தாம்பாளத்தை அவர் முதுகுக்குப் பின்னால் கீழே போட்டுவிட்டாள். பங்களா முழுக்க எதிரொலித்தது. துரை திரும்பிக்கூடப் பார்க்காமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஒரு பெரிய மனுசத்தனம் பாருங்க," என்று பாவாயி வீட்டுக்கு வந்து சொன்னாள். "நம்ம ஊட்டுல தட்டு உழுந்தா நீங்க எந்தக் குதி குதிப்பீங்க."

அடுத்த நாளும் அப்படியே ஆயிற்று. ராசப்பன் தண்ணீரின் கதவைத் திறக்கச் சொன்னான், துரை பசிக்கிறது என்றார். வயல்காரர்கள் வீட்டுக்கொரு கோழியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூடை காலியாயிற்றே தவிர, ஓடை நிறையவில்லை.

"ஏனுங்க ரைட்டரே," என்றார் செங்கோடன், "தொறங்கறதுக்கும் சோறுங்கறதுக்கும் அவங்க பாஷையில ஒரே வார்த்தைங்களா?"

ராசப்பன் வீட்டுக்கு வந்து புத்தகத்தோடு மல்லுக்கட்டினான். எங்கோ ஆண் பெண் பிசகியிருக்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் என்று பார்த்தால் அங்கே 'லெ'யும் இல்லை, 'லா'வும் இல்லை. வெறும் 'ல்' மட்டும் 'லோ' என்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணிக்கு ஆம்பளை பொம்பளையே போடலை பாவாயி."

"தண்ணிக்கு ஏதுங்க அதெல்லாம்? அது ஒண்ணுலயாச்சும் புத்தியா இருந்திருக்காங்க."

ஆனால் அடுத்த பக்கத்தில் 'தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது' என்ற வாக்கியத்தில் குளிர்ச்சிக்குப் பெண் வால் ஒட்டியிருந்தது. ஆக, தண்ணீர் பெண். முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற பெண். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ராசப்பன் கண்ணில் இன்னொன்றும் பட்டது. புத்தகத்துப் படங்களில் பேசுகிறவர்கள் யாருமே கையை ஆட்டவில்லை, வாயைப் பிளக்கவில்லை. மரியாதையாக உதட்டை மட்டும் அசைத்தார்கள். தான் காட்டுத்தனமாக வாயைத் திறந்ததால்தான் சோறு வேண்டுமா என்று கேட்பதாகத் துரை நினைத்துவிட்டார் என்று அவனுக்குப் பட்டது.

மறுநாள் காலையில் துரையைத் தடுப்புக் கல்லண்டை அழைத்துப் போனான். செங்கோடனும் மற்றவர்களும் பின்னால் வந்து, தடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கற்களுக்கிடையில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியே விரல் பருமனுக்குத் தண்ணீர் கசிந்து கீழே ஓடியது. பள்ளத்து நெல் இத்தனை நாள் உயிரோடு இருந்ததே அந்தக் கசிவால்தான்.

ராசப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். தொண்டையைச் செருமினான். உதட்டை அளவாக அசைத்து வாக்கியத்தைச் சொன்னான்.

துரை அவனைப் பார்த்தார். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். அத்தனை பேரும் கவலையோடு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரையும் அந்த இடத்தைப் பார்த்தார். கசிவு தெரிந்தது.

"ஆ," என்றார் துரை. சட்டைக் கையைச் சுருட்டினார். குனிந்து களிமண்ணைப் பிசைந்து சந்தில் வைத்து அழுத்தினார். மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்து, காலால் தட்டிச் சரிசெய்துவிட்டு, கை நிறையச் சேறோடு அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

கசிவு நின்றுவிட்டது.

செங்கோடன்தான் மெதுவாகக் கேட்டார். "நீங்க என்னதானுங்க சொன்னீங்க?"

ராசப்பன் அங்கேயே புத்தகத்தைப் பிரித்தான். பதினோராம் பாடத்தில் வந்து விரல் நின்றது. 'ஊவ்ரே' என்றால் திறவுங்கள். 'கூவ்ரே' என்றால் மூடுங்கள். இடையில் ஒரே ஒரு ககரம்.

"தொண்டையைச் செருமினேனுங்ணா," என்றான். "அந்தச் செருமல் வார்த்தையோட ஒட்டிக்கிச்சு."

"ஒரு செருமலுக்கு எங்க நெல்லு போச்சுங்களா?"

அன்று ராசப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பாவாயி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று சொன்னவள், இப்போது தானே அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"தொற, மூடுன்னு அவருக்கு நாம எதுக்குங்க கட்டளை போடோணும்? தண்ணி இல்லீங்கன்னு மட்டும் சொல்லிப் பாருங்க. மனுசனுக்கு எரக்கம் வரும்."

அது நல்ல யோசனையாகப் பட்டது. ஆனால் பிரெஞ்சில் 'இல்லை' என்று சொல்வது லேசில்லை. வினைச்சொல்லை நடுவில் நிற்க வைத்து, முன்னால் ஒரு 'நெ', பின்னால் ஒரு 'பா' என்று இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும். ஒருவரை விட்டால் ஆகாது. பாவாயி அடுப்படியில் இருந்தபடி 'நெ' என்பாள், அவன் வினையைச் சொல்வான், மறுபடி அவள் 'பா' என்பாள். பொழுது சாயும்வரை இருவரும் இப்படி நெ, பா என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெருமாயி ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

"இல் நியா பா தோ," என்று மறுநாள் ராசப்பன் துரையிடம் சொன்னான். தண்ணீர் இல்லை. பயத்தில் அவன் உதடு உலர்ந்து வெடித்திருந்தது. சொல்லி முடித்ததும் எச்சிலை விழுங்கினான்.

துரை சட்டென்று எழுந்தார். உள்ளே போனார். ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, அவன் தோளைத் தட்டி, அவனிடம் நீட்டினார்.

ராசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் தடவையாக அவன் பிரெஞ்சு பலித்துவிட்டது. தண்ணீர் இல்லை என்றான், தண்ணீர் வந்தது. இலக்கணம் சரி. ஆள் கணக்குத்தான் பிசகு. தனக்கில்லை, அவர்களுக்கு என்று சொல்ல வேண்டும். வாசலில் வெயிலில் நின்ற வயல்காரர்களைச் சுட்டிக் காட்டிவிட்டு, அதே வாக்கியத்தைப் பன்மையில் சொன்னான்.

துரை வாசலை எட்டிப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்து வருத்தப்பட்டார். தண்ணீர்ப் பானையைத் தானே தூக்கி வந்து, ஒவ்வொருவர் கையிலும் சொம்பைக் கொடுத்துக் குடிக்க வைத்தார். செங்கோடன் இரண்டு சொம்பு குடிக்க வேண்டியதாயிற்று. வேண்டாம் என்று தலையசைத்தால் துரை இன்னும் பிரியமாக ஊற்றினார்.

செங்கோடன் மீசையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்தார். குரல் உயரவில்லை. "ரைட்டரே, வயலுக்குத் தண்ணி கேக்கச் சொன்னா வாய்க்குத் தண்ணி வாங்கிக் குடுத்திருக்கறீங்க. உங்க மேல தப்பில்லீங்க. அவங்க பாஷை நம்மளுக்கு ஒத்து வரலை. காலையில நாங்களே கடப்பாரையக் கொண்டாந்து பேத்துக்கறோம். கேசு வந்தா வரட்டும்."

"வேண்டாமுங்ணா. உள்ள தள்ளிடுவாங்க."

"நெல்லு செத்தா வெளியில இருந்து என்னங்க பண்றது?"

மறுநாள் விடிந்ததும் அவர்கள் வந்துவிட்டார்கள். செங்கோடன் கையில் கடப்பாரை இருந்தது. இன்னொரு கையில் வயலிலிருந்து பிடுங்கிய ஒரு நெற்குத்து. நுனி வரை மஞ்சளாகியிருந்தது. மாதேஸ்வரன் முதற்கொண்டு பத்துப் பதினைந்து பேர் பின்னால் நின்றார்கள். ராசப்பன் தடுப்புக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"ஒரே ஒருக்காச் சொல்லிப் பாத்தர்றேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அதற்குள் துரையே கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். கடப்பாரையைப் பார்த்ததும் அவர் சிரிப்பு மறைந்தது. கூட்டத்துக்கும் துரைக்கும் நடுவில் ராசப்பன் நின்றான். படித்ததெல்லாம் மனதுக்குள் வரிசையாகத்தான் இருந்தது. வாயைத் திறந்ததும் வரிசை கலைந்தது. 'நெ' எது, 'பா' எது, திறப்பது எது, மூடுவது எது, ஒன்றும் நினைவில்லை.

"முசே," என்றான். பிறகு வாயில் வந்ததைச் சொன்னான். "மோன் ஓங்கிள் ஆ அன் ஷப்போ."

என் மாமாவிடம் ஒரு தொப்பி இருக்கிறது.

துரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தினால் பின்னால் கடப்பாரை விழுந்துவிடும் என்று ராசப்பனுக்குப் பயம். செங்கோடன் கையிலிருந்த நெற்குத்தைப் பிடுங்கித் துரையின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தான். பூனை நாற்காலியின் அடியில் இருக்கிறது என்றான். கீழே பள்ளத்தைக் காட்டினான். என் அத்தையின் வீடு பெரியது என்றான். செங்கோடனைக் காட்டினான், அவர் வயிற்றைக் காட்டினான், பின்னால் நிற்கிறவர்களையெல்லாம் காட்டினான். பென்சில் சிவப்பு. காலுக்கடியில் மண்ணை அள்ளிக் காற்றில் விட்டான். புத்தகம் மேசையின் மேல் இருக்கிறது, புத்தகம் மேசையின் மேல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் அழுதுவிட்டான். காரைக்கால் மண்டியில் மூட்டை எண்ணிய ஆள், பிரெஞ்சு தெரியும் என்று சொன்ன பொய்க்கு இத்தனை பேர் நெல்லைப் பலி கொடுத்துவிட்டோமே என்று மனதுக்குள் ஓடியது. அதைச் சொல்லப் பிரெஞ்சிலும் வார்த்தையில்லை, தமிழிலும் வரவில்லை.

துரை கையிலிருந்த நெல்லைப் பார்த்தார். வேரைத் தடவினார். உதிர்ந்தது. அவர் சரிவில் இறங்கி நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். வயலில் வெடிப்பு விட்டிருந்த இடத்தில் குந்தி, வெடிப்புக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை போயிற்று. அங்கிருந்தபடியே தலையைத் தூக்கி, மேலே தடுப்பைப் பார்த்தார்.

திரும்பி வந்து செங்கோடன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினார். மாதேஸ்வரன் ஓரடி பின்னால் போனான். துரை தடுப்பில் ஏறி, தான் வைத்த கல்லை முதலில் நெம்பிப் புரட்டினார். அடுத்து அதற்குக் கீழே இருந்ததை. மூன்றாவது கல் புரண்டபோது தண்ணீர் அவர் முழங்காலை நனைத்துக்கொண்டு பாய்ந்து போயிற்று. செங்கோடன் ஓடிப்போய் நாலாவது கல்லுக்குக் கை கொடுத்தார். நாற்றங்காலுக்கு வேண்டிய அளவுக்கு ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாரும் சேர்ந்து பிரித்தார்கள்.

அதற்கப்புறம் மலையில் ராசப்பனுக்கு இருந்த மரியாதையே வேறு. சந்தையில் அவனைக் கண்டால் எழுந்து நின்றார்கள். மலையின் இன்னொரு பகுதியான குண்டூர் நாட்டிலிருந்து கூட ஆள் வந்தது, எல்லைத் தகராறு ஒன்றில் எதிராளியிடம் பேச ஒரு நல்ல பிரெஞ்சு வாக்கியம் வேண்டும் என்று. செங்கோடன் தன் பேரனை அந்தத் தொப்பி வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்.

"மாமன் தொப்பின்னு சொன்னதும் தொரை மொகம் மாறுச்சு பாருங்க, நான் அப்பவே நெனச்சேன்," என்று எல்லாரிடமும் சொன்னார். "அவருக்கும் ஒரு மாமன் இருந்திருப்பாரு."

ராசப்பனுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. எந்த வாக்கியம் பலித்தது? அத்தை வீடா, சிவப்புப் பென்சிலா? அதிலே ஆண் பெண்ணெல்லாம் சரியாகத்தான் வந்ததா? யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் பிடிக்காது போலிருந்தது.

காய்ச்சல் தெளிந்து சமையல்காரர் மலையேறி வந்தபோது அவன்தான் முதலில் ஓடினான். அருணாசலம் என்று பெயர். ஒல்லியான மனிதர். புதுச்சேரியில் துரையிடம் வெகுகாலமாக இருப்பவர். பங்களாச் சமையலறையில் சட்டி பானையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். ராசப்பன் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, கையில் புத்தகத்தோடு நின்றான்.

"நீங்கதான் விளக்கோணுமுங்க. வருஷக்கணக்காத் தொரைகிட்டப் பிரெஞ்சுலயே பேசிப் பழகினவரு."

"நானா? எனக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை வராதுங்க ஐயா," என்றார் அருணாசலம்.

ராசப்பன் திகைத்தான். "அப்புறம் தொரைகிட்ட எந்தப் பாஷையிலதானுங்க பேசறீங்க?"

அருணாசலம் அடுப்பில் சுள்ளியை வைத்து ஊதிவிட்டு நிமிர்ந்தார்.

"எந்தப் பாஷையில பேசினா என்னங்க ஐயா, பாத்ததுமே தலையோரமா விரலை வெச்சு 'சூர்'னு அவரே சொல்லியிருப்பாரே, பெரிய சண்டையில பக்கத்துல பீரங்கி வெடிச்சதுலேர்ந்து முசேக்குத்தான் ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காதே."